எஃகு மலிந்த நூற்றாண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசப்படுகின்றது, இசை ஒலிக்கின்றது. அவற்றில் திளைத்து வந்திருக்கும் நாம், இவ்வாண்டு நமக்குச் சோறிடும் பொருளைப் பற்றிச் சிறிது பேசுவது தகும் எனச் செயற்குழுவினர் கருதினர். ரூர்கேலாவில் எஃகாலையோடு ஒட்டும் உறவும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. ஒரு வீட்டில் தந்தை ஊதுலையில் பணி செய்வார். எதிர் வீட்டில் மகன் உருட்டாலையில் இருப்பார். இரவு ஷிப்ட் முடித்து உறங்குபவருக்காகப் பகலெல்லாம் குழந்தைகளின் ஆரவாரத்தை அடக்கி வைக்கும் தாய்மார்களும் இவ்வாலையின் தொழிலாளரே என்பது நமது கருத்து. தமிழில் அரிசி வேகும் நீரையும் உலை என்கிறோம். இரும்பு உருகும் இடத்தையும் உலை என்கிறோம். நம் காலனியில் ஓர் உலையின் துணையால்தான் மற்றோர் உலை கொதிக்கின்றது.

இத்தகைய மேடைகளில் இரும்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்லக் காண்கிறோம். "பண்டைத் தமிழர் உருக்குச் செய்தனர்; உலகம் வியந்தது; ஆங்கிலேயர் அந்த இரகசியத்தைக் கவர்ந்து சென்று பணக்காரராயினர்" என்பர். கேட்பவர் கைதட்டுவர். முதற் பகுதி உண்மை; இரண்டாம் பகுதியும் உண்மை; மூன்றாம் பகுதி உண்மையன்று. உண்மையில் நடந்தது இன்னும் சுவையானது. அதில் பரங்கிப்பேட்டைக்கும் சேலத்துக்கும் பங்கு உண்டு. அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஃகு வரலாற்றோடு சேர்த்துச் சொல்வதே நமது நோக்கம்.

முதலில் தாய்மார்களுக்கும் சிறுவர்களுக்குமாக ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். இரும்பு மூவகைப்படும். வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறித் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். பழைய வீடுகளின் ஊஞ்சற் சங்கிலி வளையும், நீளும், ஒடியாது, ஆனால் அதனைத் தீட்டிக் கத்தியாக்க இயலாது, அது தேனிரும்பு. அரிவாள்மணையின் அலகோ கூர்மையும் தாங்கும், அடியும் தாங்கும், அது எஃகு. மூன்றையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் கரி, அதாவது கார்பன். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரி. தேனிரும்பில் ஏறக்குறைய இல்லை. எஃகில் இடைப்பட்ட அளவு. இதனைக் கொல்லர்கள் கைப்பழக்கத்தால் ஆண்டிருந்தார்கள். கரியே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மூவர் 1786ஆம் ஆண்டில்தான் தெளிவாக எடுத்துரைத்தனர். செய்யத் தெரிவது ஒன்று, ஏன் அவ்வாறு ஆகின்றது என அறிவது மற்றொன்று. அவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடந்ததே நாம் பேசப் புகும் நூற்றாண்டின் கதை.

1800ஆம் ஆண்டளவில் நிலைமை யாது? இங்கிலாந்தில் ஊதுலைகள் சுட்ட நிலக்கரியாகிய கோக்கைக் கொண்டு வார்ப்பிரும்பைத் தாராளமாக உருக்கின. அதைத் தேனிரும்பாக்குவதற்கு 1784இல் ஹென்றி கார்ட் உரிமை பெற்ற முறை வழங்கியது. வார்ப்பிரும்பை உருக்கி, நீண்ட இரும்புக் கோலால் ஒரு மனிதன் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கரி எரிந்து நீங்க நீங்க, உலோகம் கெட்டிப்பட்ட களிபோல் ஆகும். அதனைச் சுமார் 40 கிலோ உருண்டைகளாகத் திரட்டி வெளியே இழுப்பர். இந்த வேலையைச் செய்தவர்கள் நடுவயது காணுமுன்பே உடல் ஓய்ந்தனர். இரயில் பாதைகளும் பாலங்களும் நீராவிக் கொதிகலங்களும் அம்மனிதர்களின் தோள்வலியில் எழுந்தவை.

எஃகு அப்போது கத்திக்கும் அரத்துக்கும் கடிகாரச் சுருளுக்கும் மட்டுமே ஏற்ற அருமைப் பொருள். ஷெப்பீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி 1740களில் கண்ட முறைப்படி, மண் மூசையில் அதனை உருக்கினர். ஒரு மூசையில் அடங்குவது, ஒருவர் இடுக்கியால் பற்றித் தூக்கக்கூடிய அளவே.

அதே காலத்தில் சேலத்துக் கொல்லரும் மூசையில்தான் உருக்குச் செய்தனர். தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங் குச்சிகளையும் பச்சை எருக்கிலைகளையும் மேலே வைத்து, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சினர். குச்சியும் இலையும் மூசைக்குள் கரியாகி, அக்கரி இரும்பில் இறங்கி எஃகாயிற்று. கையில் அடங்கும் ஒரு கட்டி கிடைத்தது. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என அழைத்தது இதைப் போன்ற தென்னாட்டு உருக்கையே. 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இதனை ஆராய்ந்து கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் பாரடே, அறுவைக் கருவிகள் செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1819 முதல் சில ஆண்டுகள் இதனைச் சோதித்தார். பாரடே ஒரு கொல்லர் மகன் என்பதை இங்கு நினைவிற் கொள்வது இனிமை பயக்கும். ஆயினும் ஊட்ஸின் சிறப்புக்கு அவர் கூறிய காரணம் பொருந்தவில்லை. அலுமினியம் சார்ந்த பொருள் கலந்திருப்பதே காரணம் என அவர் எண்ணினார்.

இனிக் "கவர்ந்து சென்ற" கதையை எண்ணிப் பாருங்கள். ஷெப்பீல்டின் மூசை முறை பியர்சன் கட்டுரைக்கு அரை நூற்றாண்டு முந்தியது. அவர்கள் நம்மிடம் வியந்தது தரத்தை. அவர்களுக்கு வேண்டியிருந்ததோ மிகுதி. கட்டி கட்டியாகக் கிடைத்த எஃகை டன் டன்னாகப் பெறுவது எப்படி என்பதே அந்நூற்றாண்டின் வினா. அதற்கு விடை சேலத்திலும் இல்லை, ஷெப்பீல்டிலும் இல்லை.

மிகுதியை நோக்கிய முதற் படி ஊதுலையிலேயே நிகழ்ந்தது. ஊதுலைக்குக் குளிர்ந்த காற்றே நல்லது என அனைவரும் நம்பியிருந்தனர். குளிர்காலத்தில் உலை நன்றாக வேலை செய்கிறதல்லவா என்பது அவர்களது வாதம். கிளாஸ்கோ நகரின் வாயு விளக்கு நிலையத்தில் பணி செய்த ஜேம்ஸ் நீல்சன், காற்றைச் சூடாக்கி ஊதினால் என்ன எனக் கேட்டு, 1828இல் உரிமை பெற்றார். ஒரு டன் இரும்புக்கு 8 டன்னளவு நிலக்கரி தின்ற கிளைட் உலை, ஐந்தே ஆண்டுகளில் 3 டன்னுக்கும் குறைவாகத் தின்றது. குளிர்காலத்தில் உலை நன்றாக நடந்ததற்குக் காரணம், அக்காலக் காற்றில் ஈரம் குறைவு என்பதே. நம் ஊதுலைகளின் அருகே ஓங்கி நிற்கும் ஸ்டவ்கள் அந்த ஸ்காட்லாந்துக்காரரின் வழிவந்தவை.

நிற்க. இப்பொழுது பரங்கிப்பேட்டைக்கு வருவோம்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாகாணச் சிவில் உத்தியோகத்தர். கஞ்சமலை முதலிய இடங்களின் கருங்காந்தக் கனியத்தையும், அதைக் கொண்டு நம் கொல்லர் செய்த உருக்கையும் அவர் கண்டார். கண்டவர் உத்தியோகத்தை உதறினார். வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஐரோப்பிய முறை ஊதுலையை நாட்டினார். கும்பினி அரசு கடன் கொடுத்துதவியது. சேலத்து மண் வண்டியேறியும் ஆற்றில் மிதந்தும் கடற்கரை சேர்ந்தது. பின்னர் மலையாளக் கரையில் பேப்பூரிலும் உலை எழுந்தது. இங்கு உருக்கிய இரும்பு கப்பலேறி ஷெப்பீல்டு சென்றது. எஃகு செய்ய ஏற்ற தூய இரும்பெனப் பெயரும் பெற்றது.

ஆயினும் தொழில் நிலைக்கவில்லை. பரங்கிப்பேட்டைக்கு அண்மையில் நிலக்கரி இல்லை. உலைகள் மரக்கரியை உண்டன. ஊதுலையின் வயிறு கொல்லுலையின் வயிறன்று. அருகிலிருந்த காடு வெட்டப்பட வெட்டப்பட, கரி மேலும் மேலும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. நீல்சனின் முறையால் இங்கிலாந்தின் இரும்பு ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டிருந்த அதே வேளையில், நம் கரையின் இரும்புக்குச் செலவு ஏறிற்று. கைமாறிக் கைமாறி, 1860களில் பரங்கிப்பேட்டை உலைகளும் பேப்பூர் உலைகளும் அணைந்தன. கனியமும் இருந்தது, கைத்திறனும் இருந்தது, எரிபொருள் இல்லை. பின்னாளில் இந்தியாவின் எஃகாலைகள் ஜாரியா நிலக்கரிக்கும் ஒரிசா, சோட்டாநாகபுரிக் கனியத்துக்கும் இடையே எழுந்ததும், நாம் பிறந்த ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து குடியேறியதும் இந்த ஒரு காரணத்தின் விளைவே.

ஹீத் தோற்றவராகவே இங்கிலாந்து திரும்பினார். ஆனால் எஃகைப் பற்றிய சிந்தனை அவரை விடவில்லை. எகிப்தியர் கல்வெட்டிய உளிகள் இந்திய உருக்கால் ஆனவை என்றுகூட எழுதினார். அதற்குச் சான்று கிடையாது; அன்பு மிகுந்தால் அறிவாளரும் இவ்வாறு எழுதுவதுண்டு. அவர் கண்டுபிடித்த மற்றொன்றுக்கோ சான்று ஏராளம். ஷெப்பீல்டில் நல்ல எஃகுக்கு ஸ்வீடனிலிருந்து விலையுயர்ந்த இரும்பை வரவழைத்தே ஆக வேண்டியிருந்தது. மூசையில் மாங்கனீசைக் கரியோடு சேர்த்துச் சிறிதளவு, நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு, இட்டால் மலிவான ஆங்கில இரும்பும் நல்ல எஃகாகும் என அவர் கண்டு, 1839இல் உரிமை பெற்றார். ஒரு டன் எஃகின் விலை 30, 40 பவுன் வரை குறைந்தது எனக் கணக்கிடப்பட்டது.

மாங்கனீசு என்ன செய்கின்றது? இரும்பில் தங்கிவிட்ட பிராணவாயுவையும் கந்தகத்தையும் தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது. கந்தகம் மிகுந்த எஃகைச் சூட்டில் அடித்தால் வெடிக்கும். மாங்கனீசு சேர்ந்தால் வெடிக்காது.

ஹீத்துக்கு அதனாற் கிட்டியது வழக்குத்தான். மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டிச் சேர்த்துக் காய்ச்சிய பொருளையே அவர் உரிமைப் பத்திரத்தில் எழுதியிருந்தார். இரண்டையும் தனித்தனியே மூசையில் போட்டால் உள்ளேயே சேர்ந்துகொள்ளும். அவ்வாறு செய்தால் உரிமைப் பணம் தரவேண்டியதில்லை என அவருடைய முகவராக இருந்தவரே கண்டுகொண்டார். ஷெப்பீல்டு முழுதும் அவ்வழியே சென்றது. ஹீத் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி, 1851இல் காலமானார். 1855இல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பையும் அவருக்கு எதிராகவே வழங்கிற்று. பத்திரத்தில் ஒரு சொற்றொடர் குறைந்ததால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு ஊராரின் பொதுச் சொத்தாயிற்று. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இவ்வழக்கைப் படித்துப் பார்க்கலாம்.

தீர்ப்பு வந்த மறு ஆண்டு 1856. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அடுத்த மாதம் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் ஹென்றி பெஸ்ஸெமர் ஒரு கட்டுரை படித்தார். எரிபொருள் இன்றியே வார்ப்பிரும்பிலிருந்து எஃகு செய்வது என்பது அதன் பொருள். அன்று காலை உணவு விடுதியில் இரும்பாலை முதலாளி ஒருவர், "விறகில்லாமல் இரும்பு காய்ச்ச ஒருவன் வந்திருக்கிறானாம்" என்று அருகிலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தாராம். சிரித்தவருக்கு அருகிலேயே பெஸ்ஸெமரும் உண்டுகொண்டிருந்தார்.

பெஸ்ஸெமர் இரும்புத் தொழிலில் பிறந்து வளர்ந்தவரல்லர். கிரிமியப் போரின்போது புதிய பீரங்கிக் குண்டு ஒன்றை அமைத்தார். அதனைத் தாங்கும் வலிமை அக்காலப் பீரங்கிகளுக்கு இல்லையென்றனர். அதனால் வலிய உலோகத்தைத் தேடப் புகுந்தார். உருகிய வார்ப்பிரும்புக்குள் கீழிருந்து காற்றை ஊதினால், அதிலுள்ள சிலிக்கனும் கரியும் எரியும். அவை எரிவதாலேயே வெப்பம் மிகும். வெளியிலிருந்து தீ வேண்டியதில்லை. கலத்தின் வாயில் தீயும் பொறியும் எரிமலைபோற் சீறும். இருபது நிமிடத்தில் பல டன் இரும்பு எஃகாகிவிடும். கோலால் கிளறிய மனிதனின் இடத்தைக் காற்று ஏற்றது. ஒரு மாத அளவில் 27,000 பவுனுக்கு அவருடைய உரிமையை ஆலையினர் விலைகொடுத்துப் பெற்றனர்.

பெற்றவர் அனைவரும் ஏமாந்தனர். அவர்கள் செய்த எஃகு குளிர்ந்தபின் சுத்தியலுக்கு நொறுங்கியது. செய்தித்தாள்கள் புகழ்ந்த வாயாலேயே இகழ்ந்தன. காரணம் பாஸ்பரஸ். ஐரோப்பியக் கனியங்களிற் பெரும்பாலானவற்றில் அது உண்டு. பெஸ்ஸெமர் தம் சோதனைகளுக்கு வாங்கியது வேல்ஸ் நாட்டு பிளேனவன் இரும்பு. அதில் தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைவு. அவருடைய வெற்றி அவருக்கே தெரியாத ஒரு நற்பேற்றின் மேல் நின்றது. கோலால் கிளறும் பழைய முறையில் பாஸ்பரஸில் பெரும்பகுதி கசடோடு நீங்கிவிடும்; புதிய முறையில் நீங்கவில்லை. முதியோர் சிலர், "பார்த்தீர்களா, பழையதே நல்லது" என்றனர்.

மற்றொரு குறையும் இருந்தது. காற்றை ஊதி முடித்தபின் எஃகில் பிராணவாயு மிஞ்சியது. இதனைத் தீர்த்தவர் ராபர்ட் மஷெட். கரியும் மாங்கனீசும் கலந்த ஸ்பீகல் என்னும் இரும்பை இறுதியில் சேர்த்தால் குறை தீர்கிறது என்று அவர் 1856லேயே உரிமை பெற்றார். ஹீத் மூசையில் இட்ட மாங்கனீசே மஷெட் வழியாகப் பெரிய கலத்துக்கு வந்து சேர்ந்தது. மஷெட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்: அவருடைய பொறுப்பாளர்கள் 1859இல் 50 பவுன் முத்திரைத் தீர்வையைக் கட்டத் தவறினர், உரிமை இழந்துபோயிற்று. பெஸ்ஸெமர் உரிமைப் பணமாகப் பத்து இலட்சம் பவுனுக்கு மேல் ஈட்டினார். மஷெட் நோயும் கடனுமாக இருந்தபோது, 1866இல் அவருடைய பதினாறு வயது மகள் மேரி தனியே இலண்டன் சென்று, பெஸ்ஸெமரைக் கண்டு நியாயம் கேட்டாள். பெஸ்ஸெமர் கடனைத் தீர்த்து, பின்னர் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையும் அளித்தார். அது நீதியா, தருமமா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்திருக்கும். எம்மைக் கேட்டால், அந்தப் பெண்ணின் துணிவைத்தான் முதலிற் பாராட்டுவோம்.

எஃகின் பயனை உலகுக்கு உணர்த்தியதும் மஷெட்டின் ஒரு தண்டவாளமே. டார்பி நிலையத்தில் தேனிரும்புத் தண்டவாளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்த இடத்தில், 1857இல் எஃகுத் தண்டவாளம் ஒன்றை இட்டனர். அது 1873 வரை அங்கேயே கிடந்து உழைத்தது. நம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கிடையில் சீமன்ஸ் சகோதரர்கள் வேறொரு வழி வகுத்தனர். உலையிலிருந்து வெளியேறும் சூட்டைச் செங்கல் அறைகளில் சேமித்து, உள்ளே வரும் காற்றுக்கும் வாயுவுக்கும் அதனை ஊட்டினர். பிரான்சில் மார்ட்டின் என்பவர் 1865இல் அவ்வுலையில் எஃகு உருக்கினார். இதுவே திறந்த அடுப்பு முறை. மெதுவானது; ஆனால் அவ்வப்போது சிறிது எடுத்துச் சோதித்து அளவறிந்து இறக்கலாம்; பழைய இரும்பையும் இட்டு உருக்கலாம். 1889இல் முடிந்த ஈபெல் கோபுரம் கோலாற் கிளறிய தேனிரும்பால் ஆனது. அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட ஸ்காட்லாந்தின் போர்த் பாலம், இந்தத் திறந்த அடுப்பு எஃகு ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் கொண்டது. பழைய உலகமும் புதிய உலகமும் ஓராண்டு இடைவெளியில் நிமிர்ந்து நிற்பதை இவ்விரண்டிலும் காணலாம்.

இவ்வளவு ஆகியும் பாஸ்பரஸ் அசையவில்லை. அதன் விடை பெரும் ஆலைகளிலிருந்தோ பல்கலைக்கழகங்களிலிருந்தோ வரவில்லை. இலண்டனில் போலீஸ் நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரிடமிருந்து வந்தது. சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் 1850இல் பிறந்தவர். தந்தை இறந்தமையால் கல்லூரிக்குச் செல்ல இயலாமல், பதினேழு வயதில் வேலைக்குப் போனார். பகலில் குடிகாரர்களின் வழக்குகளையும் வாடகைச் சச்சரவுகளையும் எழுதுவார். இரவில் பர்க்பெக் நிலையத்து வகுப்புகளில் வேதியியல் பயில்வார். பெஸ்ஸெமர் கலத்தில் பாஸ்பரஸை நீக்குபவர் பெருஞ்செல்வர் ஆவார் என ஆசிரியர் ஒருநாள் வகுப்பிற் கூறினார். அந்தச் சொல் தாமஸின் நெஞ்சில் தங்கிவிட்டது.

அவர் சிந்தித்த வழி எளியது. எளியதாகையால்தான் மற்றவர் கண்ணிற் படவில்லை போலும். பாஸ்பரஸ் எரிந்தால் அமிலத் தன்மையுள்ள பொருளாகின்றது. பெஸ்ஸெமர் கலத்தின் உட்பூச்சோ மணற்கல். அதுவும் அமிலத் தன்மையுடையது. ஆகவே எரிந்த பாஸ்பரஸ் ஒட்டிக்கொள்ள இடமின்றி மீண்டும் எஃகுக்கே திரும்புகின்றது. மாறாக, உட்பூச்சைச் சுண்ணாம்புத் தன்மையுள்ள டாலமைட்டால் அமைத்து, உள்ளேயும் சுண்ணாம்பை இட்டால், பாஸ்பரஸ் சுண்ணாம்போடு கூடிக் கசடாகிவிடும். புளியேறிய பித்தளைப் பாத்திரத்தைச் சாம்பலிட்டு விளக்கும் தாய்மார்களுக்கு, அமிலத்தைக் காரம் அடக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். தாமஸின் உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் வேல்ஸில் இரும்பாலை வேதியியலர். அவருடைய ஆலை பிளேனவன்! பெஸ்ஸெமரை அறியாமலே உயர்த்திய அதே ஊரில், அவருடைய குறையைத் தீர்க்கும் சோதனைகளும் நடந்தன. தாமஸ் விடுமுறை நாட்களில் இரயிலேறிச் சென்று உடனிருப்பார்.

1878 மார்ச்சில் இரும்பு எஃகுக் கழகக் கூட்டத்தில் இவ்விளைஞர் எழுந்து, தாம் பாஸ்பரஸை நீக்கிவிட்டதாகச் சில சொற்களிற் கூறினார். அறிஞர் அவை அதனைப் பொருட்படுத்தாமல் அடுத்த பேச்சுக்குச் சென்றது. அவ்வாண்டே பாரிசில் கூடியபோது, நேரமில்லை என அவருடைய கட்டுரை தள்ளிவைக்கப்பட்டது. 1879 ஏப்ரல் 4ஆம் நாள் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவில் வெற்றிகரமாக நடத்திக் காட்டியபின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஐரோப்பாவின் ஆலை முதலாளிகள் அச்சிற்றூருக்கு ஓடோடி வந்தனர்.

இதனால் மிகுந்த பயன் பெற்றது இங்கிலாந்தன்று, செருமனி. 1871இல் செருமனி பிரான்சிடமிருந்து கைப்பற்றிய லொரேன் பகுதியில் இரும்புக் கனியம் மலைபோற் கிடந்தது. பாஸ்பரஸ் மிகுந்திருந்ததால் எஃகுக்கு உதவாமலிருந்தது. ஓர் எழுத்தரின் சுண்ணாம்பு அதனைச் செல்வமாக்கியது. அந்நூற்றாண்டு முடியும்போது அமெரிக்கா ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேலும், செருமனி 60 இலட்சம் டன்னுக்கு மேலும் எஃகு செய்தன. முதலிடத்தில் இருந்த பிரிட்டன் ஏறக்குறைய 50 இலட்சத்தோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. 1870இல் உலகமனைத்தும் செய்த எஃகு ஏறக்குறைய 5 இலட்சம் டன். 1900இல் 2 கோடியே 80 இலட்சம் டன். அந்த எஃகில் தண்டவாளமும் ஏரும் உண்டு. 1914இல் முழங்கிய பீரங்கிகளும் உண்டு.

மற்றொரு பயனையும் சொல்லாமல் விட இயலாது. பாஸ்பரஸ் ஏறிய கசடைப் பொடித்து வயலில் இட்டால் பயிர் செழித்தது. எஃகுக்கு நஞ்சாக இருந்தது கோதுமைக்கு உணவாயிற்று. தாமஸ் தம் இறுதிக் காலத்தில் எஃகைவிட இதில் பெரிதும் ஆர்வம் காட்டினார். இரவு பகல் பாராத உழைப்பு அவருடைய நுரையீரலை அரித்துவிட்டிருந்தது. 1885 பிப்ரவரியில் பாரிசில் காலமானார், வயது 34. தம் செல்வத்தை உழைக்கும் மக்களின் நலனுக்குச் செலவிடுமாறு தமக்கை தங்கையருள் ஒருவரான லில்லியனிடம் ஒப்படைத்திருந்தார்.

எஃகு மலிந்தபோது நம் நாட்டில் நேர்ந்தது என்ன? தண்டவாளமும் பாலமும் கடல் கடந்து வந்தன. கப்பலில் வந்திறங்கிய இரும்புக் கம்பியும் தகடும் உள்ளூர் இரும்பினும் மலிவாயின. காடுகள் அரசின் காவலுக்குள் சென்றபின் கரி சுடுவதும் கடினமாயிற்று. சேலத்துக் கொல்லுலைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. எவரும் திருடிச் செல்லவில்லை. விலை போகாமல் அவிந்தன. அக்கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஹீத்துக்காவது வழக்குத் தொகுதிகளில் பெயர் எஞ்சியது.

1875இல் வங்காளத்துக் குல்டியில் நிலக்கரி கொண்டு ஊதுலை எரிந்தது, வார்ப்பிரும்போடு நின்றது. எஃகுக்கு இந்தியா மேலும் காத்திருந்தது. நிலவியலறிஞர் பிரமதநாத போஸ் 1904இல் ஜாம்செட்ஜி டாட்டாவுக்கு மயூர்பஞ்சின் கனியத்தைக் குறித்துக் கடிதம் எழுதினார்; 1912 பிப்ரவரியில் சாக்சியில் எஃகு வார்த்தனர்.

நம் ரூர்கேலா இதற்கு அடுத்த அத்தியாயம். 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஆலை அளவில் தொடங்கிய எல்.டி. முறையை, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயிலேயே இந்தியாவில் முதன்முதலாக ஏற்றது நம் ஆலை. காற்றுக்கு மாற்றாகத் தூய பிராணவாயுவை மேலிருந்து குழாய்வழி ஊதுவது அம்முறை. பிராணவாயுவை ஊதலாம் என்று பெஸ்ஸெமரே எழுதி வைத்திருந்தார். அவர் காலத்தில் அதனை மலிவாகப் பெறும் வழி இல்லை.

ஆகவே இவ்வரங்கிலுள்ள கன்வெர்ட்டர்த் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். நீங்கள் சாய்த்து நிமிர்த்தும் அந்தக் கலம் பெஸ்ஸெமருடையது. அதன் உட்புறச் செங்கல்லும், ஒவ்வொரு முறையும் நீங்கள் கொட்டும் சுண்ணாம்பும் போலீஸ் நீதிமன்ற எழுத்தர் தாமஸுடையவை. எஃகைச் சாய்க்கும்போது லேடிலில் பெர்ரோ மாங்கனீசை அள்ளிப் போடுகிறீர்களே, அது மஷெட் கொடுத்தது. மஷெட்டுக்கு முன்னே, பரங்கிப்பேட்டையில் பொருளிழந்து போன ஹீத் காட்டியது.